செயப்பாட்டு வினை

பிட்மன் சுருக்கெழுத்தில்
மெல்லிய கோடு ஒன்று, அழுத்திய கோடு ஒன்று.
அதே சாய்வு, அதே நீளம்;
பென்சிலை அழுத்தினால் வேறு எழுத்து.
ஒரே ‘ப’வில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிற
மாயவரத்துக்காரனுக்கு
இது கைவர ஒரு வருஷம் ஆயிற்று.
பிறகு டில்லி.
கோல் மார்க்கெட்டில் பாதி அறை,
கே. உலகநாதன், ஐ.சி.எஸ். அவர்களுக்கு எதிரே
முதுகு சாயாத நாற்காலி.

அவர் நடந்துகொண்டே சொல்லுவார்.
இங்கிலீஷில்தான்; எனக்குள் அது
தமிழாக விழும்.
கோரப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது.
மறுக்கப்பட்டது.
அவர் வாயில் ஓர் எழுவாய் வந்து
நான் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் ஒரு மாலை
மணிக்கூண்டுப் பக்கமிருந்து புழுதியோடு வந்தார்.
தொப்பியை மேஜைமேல் வைத்தார்.
கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை.
“ஏழு சுற்றுகள் சுடப்பட்டன.
ஒருவன் இறந்ததாக அறியப்படுகிறது.
அமைதி நிலைநாட்டப்பட்டது.”
மூன்று நகல். மூன்றாவதில்
கார்பன் மங்கி, ‘ஒருவன்’ சரியாக விழவில்லை.
ஒருவனின் பெயர் ஓம்கார். ஜரிகைக் கடைப் பையன்.
பியூன் ரஹ்மத் சொல்லித்தான் தெரியும்,
எந்த நகலிலும் இல்லை.

நாற்பத்தேழில் கொடி மாறியது.
ரஹ்மத் லாகூர் போனான்,
சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு.
காகிதம் மட்டும் மாறவில்லை: கிரீடம் அச்சிட்ட தாள்
பதினோரு ரீம் மிச்சம்.
கிரீடத்தின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு
அதிலேயே புதிய மந்திரிகளுக்கு எழுதினோம்.
அவரும் அப்படித்தான் என்று
கேன்டீனில் சொன்னார்கள். நானும் சிரித்தேன்,
ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு.

ஐம்பத்தொன்றில் ராஜினாமா, கதர், கட்சிச் சீட்டு.
என்னையும் கூடவே அழைத்துக்கொண்டார்.
முதல் பிரசங்கத்தைச் சொல்லத் தொடங்கினார்:
“நாம் பாடுபட்டோம்.”
என் பென்சில் நின்றது.
அதே ‘பட்ட’துதான்.
சுடப்பட்டதில் ஒட்டிக்கொண்டிருந்தது
இடம் மாறி
இங்கே வந்து உட்கார்ந்திருந்தது,
மடிப்புக் கலையாத வேட்டியோடு.
கோட்டை அழுத்தாமல் எழுதினேன்.

ஓட்டுக் கேட்டு கினாரி பஜார். டிசம்பர்க் குளிர்.
படிக்குப் படி கைகூப்பல், ஏலக்காய், சூடான பால்.
ஜரிகைக் கடையில் பிஷன் தயாள்
எழுந்து நின்று மாலை போட்டார். நூல் மாலை.
அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு வேர்த்தது.
அவர் கேட்டவை இரண்டு:
சந்துக்கு ஒரு குழாய்;
மகனின் மரணப் பதிவில் ‘ஜுரம்’ என்று இருக்கிறது,
அதைத் திருத்த வேண்டும்.
உலகநாதன் என் பக்கம் திரும்பாமல்
“குறித்துக்கொள்” என்றார்.
குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு பதினொரு மணிக்கு ஆள் அனுப்பினார்.
சால்வைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு நடந்தார்.
பதிவாளருக்கு ஒரு கடிதம் என்றார்.
“நான்” என்றார்.
காத்திருந்தேன். கணப்பில் கரி சரிந்தது.
“சுடச் சொன்னேன்” என்றார்.
வெளியே டாங்கா ஒன்று
ஆளில்லாமல் போனது, மணி மட்டும் அடித்துக்கொண்டு.
“அதை அடித்துவிடு.”
அடித்தேன்,
மெல்லிய கோட்டால்.
அந்த நோட்டை மட்டும் அலுவலகத்தில் ஒப்படைக்கவில்லை.
அடியில் இருப்பதை இன்றைக்கும் படிக்கலாம்,
சுருக்கெழுத்துத் தெரிந்தால்.

ஆயிரத்து நூறு ஓட்டில் ஜெயித்தார்.
ஜூனில் குழாய் வந்தது.
மேலே சலவைக்கல், இந்தியில்:
‘ஸ்ரீ உலகநாதன் அவர்களின்
கரகமலங்களால் திறந்துவைக்கப்பட்டது.’
ஆல்.
மூன்றாம் வேற்றுமை.
இத்தனை வருஷத்தில்
இன்னாரால் என்று இருந்தது
இது ஒன்றில்தான்.

கிழவர் இரு கையிலும் ஏந்தி ஒரு வாய் குடித்தார்.
எனக்கு வழிவிட்டு நகர்ந்தார்.
நானும் குடித்தேன், குளிர்ந்திருந்தது.
பதிவில் இன்னும் ஜுரம்.